இந்த வண்டி வெள்ளை நிறம்

மனித குலம் மூடநம்பிக்கையிலிருந்து விடுதலை பெற்ற வரலாறு என்றாவது எழுதப்படுமானால், அதில் சந்தபுரி மாகாணத்துக்கு ஒரு தனி அத்தியாயமும், அந்த அத்தியாயத்தில் வாத்தியார் கம்ரோன் அவர்களுக்கு ஒரு முழுப்பக்கப் படமும் ஒதுக்கியே தீரவேண்டும்.

அவர் வீட்டு வெளிக்கேட்டில் ஒரு பித்தளைப் பலகை உண்டு. 'கம்ரோன். விஞ்ஞான ஆசிரியர் (ஓய்வு). எதையும் சோதித்த பின்னரே நம்புபவர்.' வாசகம் அவருடையதுதான். ஓய்வுபெற்ற நாளில் பள்ளிக்கூடம் கொடுத்த சுவர்க் கடிகாரம் தம் அந்தஸ்துக்குப் போதாது என்று கருதி, இந்தப் பலகையைச் சொந்தச் செலவில் செய்து மாட்டிக்கொண்டார். ஞாயிறுதோறும் புளி போட்டுத் துலக்குவார்.

ஊரில் மற்றவர்களாகிய நாங்கள் அவ்வளவு முன்னேறியவர்கள் இல்லை. பிறந்த கிழமைக்கு ஆகாத நிறத்தில் செருப்புக்கூட வாங்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை பிறந்தவனுக்கு நீலம் ஆகாது. திங்களுக்குச் சிவப்பு. சனிக்குப் பச்சை. வேறு வழியில்லாமல் ஆகாத நிறத்தில் வண்டி வாங்கிவிட்டால், பின்பக்கத்தில் 'இந்த வண்டி கறுப்பு நிறம்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவோம். விதி பின்னாலேயே வந்து, எழுத்துக் கூட்டிப் படித்து, சமாதானமாகித் திரும்பிவிடும். எங்கள் ஊர் விதிக்கு நிறம் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியும்.

இந்த ஸ்டிக்கர்களைப் பார்க்கும்போதெல்லாம் வாத்தியார் நின்று, சிரித்து, வண்டிக்காரரை வரவழைத்து, ஒளி என்றால் என்ன என்று விளக்கிவிட்டுத்தான் நகர்வார்.

இப்படிப்பட்டவரின் வீட்டில் துரியான் பழப் பருவம் நெருங்கும் சமயத்தில் பழைய பிக்கப் வண்டி உயிரை விட்டது. தோட்டம் அவர் மனைவி ரம்பாயுடையது. கவலையும் அவளுடையது.

"காய் வெட்டுறவங்க வர்ற நாளு முடிவாயிடுச்சுங்க," என்றாள் ரம்பாய். "வெட்டினது அன்னைக்கு சாயங்காலமே பேக்கிங் கொட்டகைக்குப் போயாகணும். போன வருஷம் வாடகை வண்டி வராம பாதிக் காய் மரத்தடியிலேயே பழுத்துக் கெட்டுச்சு. இந்த வருஷமும் அப்படி ஆச்சுன்னா, கொட்டகைக்காரன் நம்ம தோட்டத்துப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டான். நல்லதா ஒரு பழைய வண்டி பாருங்க. டீசல் கம்மியாக் குடிக்கணும். நடுவழியில நிக்கக் கூடாது."

"வண்டி வாங்குறது பாமரங்க வேலை," என்றார் வாத்தியார். "நாம வாங்கப் போறது இன்ஜின்."

"சரி, அதோட சேர்த்து நாலு சக்கரமும் வாங்கிட்டு வந்துடுங்க."

மறுநாளே தவினின் காபிக் கடையில் 'இன்ஜின் தேர்வு: ஓர் அறிவியல் அணுகுமுறை' என்ற பொருளில் வாத்தியார் உரையாற்றினார். காபி குடிக்க வந்தவர்கள் 'பார்வையாளர்கள்' ஆனார்கள். தப்பித்துப் போக முயன்ற ஒருவர் கேள்வி கேட்க எழுந்தவராகக் கருதப்பட்டு உட்கார வைக்கப்பட்டார்.

"பெயின்ட்டைப் பார்க்காதீங்க. சீட்டு உறையைப் பார்க்காதீங்க. இன்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் ஊத்துற மூடியைத் திருகி எடுத்து, அந்த வாய்மேலேயே தலைகீழா வைங்க. மூடி அசையாம உட்கார்ந்திருந்தா நல்ல இன்ஜின். துள்ளிச்சுன்னா, உள்ள பிஸ்டன் வளையம் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். அப்புறம் டீசலைக் குடிக்கும், எண்ணெயைக் குடிக்கும், கடைசியில வாங்கினவனையும் குடிச்சிடும்!"

தவின் அன்று மாலையே தன் வண்டியில் சோதித்துப் பார்த்தார். மூடி துள்ளியது. அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. விஞ்ஞானம் எங்கள் ஊரில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

பழைய வண்டிகள் விற்கும் சியா ஹெங்கின் கூடாரத்துக்குத் தம்பதியர் போனபோது அங்கே இரண்டு பிக்கப்கள் தேறின. ஒன்று சிவப்பு. மற்றது வெள்ளை. சியா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ரம்பாய்க்கு மாங்காய்க் கீற்றும் மிளகாய் உப்பும் வைத்துக் கொடுத்தார். வாத்தியார் வரும் நாள் நீண்ட நாள் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் சிவப்பு. சாவியைத் திருப்பியதும் முனகாமல் கிளம்பியது. புகை இல்லை. மூடியைத் தலைகீழாக வைத்தார். அது தியானத்தில் அமர்ந்த துறவியைப்போல இருந்தது. டேங்கை விளிம்புவரை நிரப்பி, மகாம் ஊர் வரை ஓட்டிப் போய்த் திரும்பி, மறுபடி நிரப்பிப் பார்த்தார். வண்டி டீசலை முகர்ந்து பார்த்ததோடு நிறுத்திக்கொண்டிருந்தது.

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரம்பாய், நாட்டுல இருக்கிற கூடாரத்தையெல்லாம் சலிச்சாலும் இப்படி ஒரு இன்ஜின் கிடைக்காது!"

"அப்ப இதையே எடுத்துக்கலாம்."

வாத்தியார் மௌனமானார். அவர் பிறந்தது திங்கட்கிழமை. ஆனால் இதற்கும் அந்த மௌனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை இங்கேயே அழுத்தமாகப் பதிவுசெய்துவிடுகிறோம்.

"ஒரே ஒரு சிக்கல்," என்றார் சற்றுப் பொறுத்து. "சிவப்பு வெயிலை இழுக்கும். வண்டி சூடாகும். டேங்க் சூடாகும். டீசல் ஆவியாகும்."

"டேங்க் வண்டிக்கு அடியிலதானே இருக்கு வாத்தியாரே," என்றார் சியா.

"வெப்பம் கீழ இறங்கும்."

"நீங்க திங்கக்கிழமையோ?"

"அதைப்பத்தி இங்க யாரு கேட்டா?"

"கோவிச்சுக்காதீங்க. பின்னால 'இந்த வண்டி வெள்ளை நிறம்'னு ஒண்ணு ஒட்டிட்டா முடிஞ்சு போச்சு. இப்பவே அடிச்சுடறேன்."

"யோவ் சியா! காகிதத்தை ஒட்டினா நிறம் மாறுமாய்யா? நான் ஒளியியல் நடத்தினவன்!"

ஸ்டிக்கர் ஒட்டினால் நிறம் மாறாது. நிறம் மாறாததால் வண்டி சிவப்பாகவே இருக்கும். ஆகவே அதை வாங்க முடியாது. இந்தத் தர்க்கத்தில் எங்காவது ஓட்டை இருப்பதாக யாராலும் சொல்ல முடியுமா?

அடுத்து வெள்ளை. நாலைந்து முறை இருமிவிட்டுக் கிளம்பியது. வாத்தியார் மூடியைத் தலைகீழாக வைத்தார். அது துள்ளி, பறந்து, ரம்பாயின் மிளகாய் உப்பில் வந்து விழுந்தது.

"துள்ளுதே," என்றாள் ரம்பாய்.

"துள்ளல் இல்ல. வீரியம்."

"புகை நீலமா வருதே."

"வானமும்தான் நீலமா இருக்கு. அதுல என்ன பழுதைக் கண்டே?"

"மகாம் வரைக்கும் ஓட்டிப் பார்க்கலையா?"

"ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யறது விஞ்ஞானத்தையே சந்தேகப்படுற மாதிரி."

சியா ஹெங்குக்கு மனசு கேட்கவில்லை. "வாத்தியாரே, விக்கிறவன் நானே சொல்றேன், இது வேண்டாம்." பழைய வண்டி வியாபாரத்தில் அப்படியொரு வாக்கியம் அதற்குமுன் உச்சரிக்கப்பட்டதாகத் தகவல் இல்லை. வாத்தியாரின் கை கையெழுத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்து, ரம்பாயிடம் தணிந்த குரலில் சொன்னார்: "அக்கா, ஏதாச்சும் ஆச்சுன்னா கூப்பிடுங்க. மாத்தித் தர்றேன். சிவப்பை யாருக்கும் கொடுக்காம நிறுத்தி வைக்கிறேன்."

வெள்ளை வண்டி வீடு வந்தது. கோயில் பிக்கு வந்து கூரையின் உட்புறத்தில் சுண்ணப் பொட்டு வைத்தார். அது பெயின்ட்டின் தரத்தைச் சோதிப்பதற்காக. கண்ணாடியில் பூமாலை தொங்கியது, அது நறுமணத்துக்காக.

வெட்டு நாள் வந்தது. காய்கள் மலைபோல ஏறின. மேட்டுச் சாலையில் பாதி தூரம் ஏறிய வண்டி நீலமாக ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. வாத்தியார் சாவியைத் திருப்பினார். கெஞ்சினார். பூமாலையை ஓரக்கண்ணால் பார்த்தார்.

மோட்டார் சைக்கிளில் வந்த தவின் நிறுத்தினார். அவர் முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"மூடியைத் தலைகீழா வெச்சுப் பார்த்தீங்களா வாத்தியாரே?"

"வண்டி தற்காலிக ஓய்வுல இருக்கு. நீ போய்யா."

உச்சி வெயில் காய்களின் மேல் நேராக அடித்தது. ரம்பாய் வாழை இலைகளை ஒடித்துவந்து காய்களை மூடிக்கொண்டே இருந்தாள். ஒரு வருஷத்து உழைப்பை இலையால் மூடும் அந்தக் கைகளை வாத்தியாரால் பார்க்க முடியவில்லை. இன்ஜினையும் பார்க்க முடியவில்லை. இரண்டையும் விட்டுவிட்டுச் சாலையைப் பார்த்தபோது, கீழேயிருந்து சியா ஹெங் சிவப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். ரம்பாய் எப்போதோ போன் செய்துவிட்டிருந்தாள்.

காய்களைக் கைமாற்றி ஏற்றும்போதுதான் வாத்தியார் சிவப்பு வண்டியின் பின்பக்கத்தைக் கவனித்தார். 'இந்த வண்டி வெள்ளை நிறம்.'

"இது எதுக்கு?"

"நான்தான் ஒட்டச் சொன்னேன்," என்றாள் ரம்பாய். "நீங்க ஏறணுமே."

"உனக்குமா இதுல நம்பிக்கை?"

"எனக்கென்ன, நான் வியாழக்கிழமை. சிவப்பு ஒண்ணும் செய்யாது. நான் நம்பினது உங்க சோதனையை. மூடி அசையல, டீசல் குடிக்கல, எந்தக் கூடாரத்துலயும் இப்படிக் கிடைக்காதுன்னீங்க. தவின்கூட உங்களை நம்பி ரெண்டு நாள் பட்டினி கிடந்தாரு. ஊரிலேயே உங்க விஞ்ஞானத்தை நம்பாத ஆள் நீங்க ஒருத்தர்தான்."

வாத்தியார் ஏறி உட்கார்ந்தார். ஏறுமுன் ஸ்டிக்கரின் ஓரம் எழும்பியிருந்ததைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். மாலையில் கொட்டகையின் கதவு இறங்கிக்கொண்டிருந்தபோது சிவப்பு வண்டி சரியாக உள்ளே நுழைந்தது. பின்னால் கயிறு கட்டி வெள்ளையையும் இழுத்து வந்திருந்தது. வெள்ளை வண்டி வழி நெடுக ஒரு சொட்டு டீசல்கூடக் குடிக்கவில்லை. சிக்கன விஷயத்தில் வாத்தியாரின் தேர்வு பொய்க்கவில்லை.

கடைசிக் காயும் எடைக்குப் போனபின், சியா கயிற்றை அவிழ்த்துக்கொண்டே வெள்ளை வண்டியைச் சோகமாகப் பார்த்தார். "இதை எப்படி விக்கிறது? 'இந்த வண்டி ஓடும்'னு ஒண்ணு ஒட்டிட வேண்டியதுதான்."

வாத்தியார் பல மணி நேரத்துக்குப் பிறகு சிரித்தார். "ஒட்டறதுதான் ஒட்டறீங்க, எனக்கும் ஒண்ணு அடிச்சுக் கொடுங்க சியா. 'இவர் விஞ்ஞானி'ன்னு. முதுகுல ஒட்டிக்கிறேன்."

சியா ரம்பாயைப் பார்த்தார்.

"வேண்டாம் சியா," என்றாள் ரம்பாய், கையுறையைக் கழற்றியபடி. "அவருக்கு ஏற்கெனவே ஒட்டியிருக்கு. வீட்டுக் கேட்டுல, பித்தளையில."