செயின்ட்-மிஷேலில் நின்ற சாஞ்சி வாசல்

மனிதர் வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைவர். வாசலையே வீட்டுக்குள் நுழைத்துவிட்டு, அதனை வெளியே கொண்டுபோக வழி தெரியாமல் நின்றவர், நான் அறிந்தவரையில், தோரணத்தார் ஒருவரே. அத்தகையவர் இன்னொருவர் எங்கேனும் இருந்தால், அன்பர்கள் தயவு செய்து எனக்கு அறிவிக்க வேண்டாம். இவர் ஒருவரோடு வாழ்ந்த களைப்பே இன்னும் தீரவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில், மூன்றடுக்கு வீடொன்றின் நடுமாடியை நாங்கள் இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அதனைச் சொல்லி அழைத்தவர் வீட்டுக்காரர் மட்டுமே. ஊருக்கெல்லாம் அவர் தோரணத்தார். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தமையால் அவருக்கு நான் மாஸ்டர். மற்றைய நாள்களில் விடியற்காலையில் ரொட்டி ஆலைக்குப் போவேன். அவர் குளிர்சாதனப் பெட்டிகளைப் பொதி செய்யும் தொழிற்சாலைக்குப் போவார்.

அந்தத் தொழிற்சாலையில் கழித்துவிடும் வெண்ணிற நுரைப்பலகைகளே எங்கள் துன்பத்தின் மூலம். ஈழத்தில் ரெஜிபோம் என்போம். தமிழகத்தார் தெர்மாகோல் என்பர். எப்பெயரால் அழைத்தாலும் அது துகளாக உதிர்வது. தோரணத்தார் அதனை வீட்டுக்குக் கொண்டுவந்து, கத்தியால் செதுக்கி, தேயிலைச் சாயம் பூசி, சாஞ்சித் தூபியின் தோரணவாயில் ஒன்றை எங்கள் முன்னறையில் எழுப்பிக்கொண்டிருந்தார். துகள் என் காலுறையில் இருந்தது, காதில் இருந்தது, சோற்றுக்கு ஊற்றும் சொதியில் இருந்தது. வெளியே இயற்கை பொழிந்த பனி ஏப்ரலில் உருகிவிடும். உள்ளே அவர் பொழிந்தது உருகுவதில்லை.

இந்தப் பித்து அவரைப் பிடித்தது ஒரு குவளைத் தேநீரால். இந்தியாவில் அகதியாக இருந்த காலத்தில், விசா நேர்முகம் ஒன்றுக்காகச் சென்னையிலிருந்து தில்லிக்குப் போயிருக்கிறார். சாஞ்சியில் வண்டி எதற்கோ நின்றது. இவர் தேநீர் குடிக்க இறங்கினார். தேநீர் சூடாக இருந்தது, வண்டி பொறுக்கவில்லை. அடுத்த வண்டி வரும்வரை பொழுதைப் போக்கலாம் என்று குன்றின்மேல் ஏறியவர், அடுத்த வண்டியையும் விட்டார், அதற்கடுத்த வண்டியையும் விட்டார், நேர்முகத்தையும் விட்டார்.

"விசா பேந்தும் எடுக்கலாம் மாஸ்டர். உந்த வாசல் ரெண்டாயிரம் வரியமா ஆக்களைப் பாத்துக்கொண்டு நிக்குது. அதை விட்டிட்டு ஓடுறது மரியாதையோ?"

இரண்டு சதுரத் தூண்கள். அவற்றின் தலையில் யானைகள். அவற்றுக்குமேல், இரு முனையும் சுருண்ட குறுக்குவிட்டங்கள் மூன்று. இத்தனைக்கும் இடம் கொடுக்க எங்கள் கூரைக்கு உயரம் போதவில்லை. ஆகவே தூண்களின் கீழ்ப்பாதியை வெட்டி என் படுக்கையறையில் சாத்திவிட்டு, மேற்பாதியை மட்டும் முன்னறையில் நிறுத்தியிருந்தார். கீழ்விட்டம் என் மார்பளவில் நின்றது. தேநீர் வைக்கச் சமையலறைக்குப் போகும்போதெல்லாம் குனிந்தேன். ஆண்டவன் சந்நிதியிலும் நான் அவ்வளவு குனிந்தவன் அல்லன்.

"நான் நாள் முழுக்க இதுக்குள்ளாலைதானே போய்வாறன் அண்ணை. உங்களுக்குக் காணாதோ?"

"நீங்கள் குனிஞ்சு போறியள். அது பூனை போற ஓட்டை. வாசல் எண்டால் சனம் நிமிந்து போய்வர வேணும். ஒருநாள் எண்டாலும் போய்வர வேணும் மாஸ்டர். இல்லாட்டி உது வாசல் இல்லை, அலுமாரி."

அவர் இவ்வுலகில் வேண்டியது அந்த ஒன்றே.

தோரணத்தாரிடம் குடை இருந்ததில்லை. மழை பெய்தால், மெட்ரோ நிலையம்வரை என் குடைக்குள் இடப்பக்கமாக வந்து நுழைந்துகொள்வார். அகன்ற உடம்பு, வீசி வீசிக் கதைக்கும் கைகள். அவருடைய சொற்பொழிவு முழுவதும் குடைக்குள் நிகழ, என் வலத்தோள் வெளியே நனையும். புத்தர் துறவுக்குப் புறப்பட்ட குதிரைச் சிற்பத்தின் கதையையும் அப்படி நனைந்துதான் கேட்டேன்.

"குதிரையிலை ஆளில்லை மாஸ்டர். ஆனால் மேலை குடை பிடிக்கிறாங்கள். அப்ப ஆள் இருக்கிறார்."

"கண்ணுக்குத் தெரியாமலோ?"

"அந்தக் காலத்திலை அவரைச் செதுக்க அவையளுக்கு மனம் வரேல்லை. பாதம், அரசமரம், வெறும் இருக்கை, குடை. அவ்வளவுதான். அரமனையை விட்டிட்டுப் போகேக்கை குதிரைக்கு மேலை குடை இருக்கு. திரும்பி வரேக்கை அதே குதிரை, குடை இல்லை. ஆள் போயிட்டார்."

"அண்ணை, என்ரை தோள் நனையுது."

"நனையட்டும். உங்கடை தோள் என்ன, சிற்பமே?"

வாசலுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பக்கத்து நகரான லவாலில் உள்ள மண்டபம் ஒன்றில் கலியாணம். பெண்ணின் தந்தை மளிகைக் கடைக்காரர். மணமக்கள் நுழைவதற்கு அலங்கார வாசல் தேடிக்கொண்டிருந்தார். தோரணத்தார் அன்றிரவே விட்டங்களையும் தூண்களின் மேற்பாதியையும், இனிக் கழற்றவே இயலாத பசையால் ஒட்டிவிட்டார். அந்த உறுதியைக் கண்டு நான் வீட்டுக் கதவின் அகலத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

கடைக்காரரும் மனைவியும் பார்வையிட வந்தனர். அம்மையார் கண்ணில் முதலில் பட்டது, மாங்கிளையைப் பற்றித் தூணோரம் சாய்ந்து நிற்கும் யட்சி.

"ஐயோ, இதென்ன கோதாரி! உடுப்பில்லாமல் தொங்கிறாள்!"

"அது மரத்து யட்சி அக்கா. அந்தக் காலத்துப் பெம்பிளை."

"எந்தக் காலமெண்டாலும் குளிராதோ?"

வாதம் அதோடு முடிந்தது. அம்மையார் தம் காரிலிருந்து சீலை ஒன்றை எடுத்துவந்து, கொசுவம் வைத்து, தாமே யட்சிக்கு உடுத்திவிட்டார். பின்னர் சற்று விலகி நின்று பார்த்து, "இப்ப வடிவாயிருக்கிறாள்" என்றார்.

கடைக்காரருக்கோ வேறு கவலை. "உது புத்தற்றை சாமானெல்லோ?"

"ஓம். ஆனால் புத்தர் உதிலை இல்லை. தேடிப் பாருங்கோ."

அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு தேடினார். யானை இருந்தது, மயில் இருந்தது, சிறகு முளைத்த சிங்கம் இருந்தது. புத்தர் இல்லை. "அப்ப சரி, சனிக்கிழமை மண்டபத்துக்குக் கொண்டு வாங்கோ" என்று கதவின் பிடியில் கை வைத்துவிட்டார். நான் மூச்சு விட்டேன். அப்போது, போகிற போக்கில், அவர் திரும்பி, விட்டம் ஒன்றில் செதுக்கியிருந்த வெறும் இருக்கையைச் சுட்டினார்.

"அதுசரி, உந்த வெறுங் கதிரை ஆருக்கு?"

நான் பின்னால் நின்று இருமினேன். கண் காட்டினேன். பயனில்லை.

"அவர்தான்" என்றார் தோரணத்தார்.

"எவர்?"

"அவர்தான். இருக்கிறார்."

"எங்கை? ஒருத்தரையும் காணேல்லையே."

"அப்பிடித்தான் இருப்பார்."

கடைக்காரர் சப்பாத்தை மாட்டினார். அவர் குரலில் கோபம் இல்லை. "அண்ணை, ஊரிலை என்ரை காணிக்கு முன்னாலை ஒருத்தர் கேளாமல் வந்து சிலையாய் இருக்கிறார். அவருக்குக் காவலாய் ஆமிக்காரரும் இருக்கிறாங்கள். எனக்கு அது காணும்."

அவர்கள் படியிறங்கிச் சென்றபின் கேட்டேன்: "ஒரு சொல்லை விழுங்கியிருந்தால் வாசல் லவாலுக்குப் போயிருக்குமே அண்ணை. ஏன் சொன்னனீங்கள்?"

"இருக்கிற ஆளை இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

சீலையைத் திருப்பிக் கேட்டு ஒருவரும் வரவில்லை. யட்சி அதை உடுத்தபடியே எங்களோடு குளிர்காலத்தைக் கழித்தாள்.

வசந்தத்தில் வீட்டுக்காரர் வந்து, தம் மகள் குடிவரப் போகிறாள் என்றார். இந்த ஊரில் வாடகைக்கு இருப்போர் பெரும்பாலும் யூலை முதலாம் நாளன்றே வீடு மாறுவர். அன்று தெருவெங்கும் கட்டில், மெத்தை, வசைமொழி. நான் ஓர் ஒற்றை அறையைப் பிடித்தேன். தோரணத்தார் ரொறன்ரோவில் உள்ள தம் தங்கை வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. வாசலுக்கு மட்டும் போக்கிடம் இல்லை.

"வெட்டிப்போட்டு எறிவம் அண்ணை" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், முன்னறைச் சாளரத்தைச் சட்டத்தோடு கழற்ற நானே முன்வந்தேன். வாசல் பாரமில்லை, பருமன்தான். கயிறு கட்டி இறக்கினோம். யானைகளும் யட்சியும் விட்டங்களும் செயின்ட்-மிஷேல் வானத்தில் ஊசலாடின. வீட்டுக்காரர் கீழே நின்று சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். நண்பர் ஒருவர் கொண்டுவந்த வண்டியில் ஒரு விட்டத்தின் முனைகூட ஏறவில்லை. அன்றைய நாளில் பெரிய வண்டிக்கு எங்கே போவது? அந்த நண்பரும் நாங்களுமாக நடைபாதையில் கீழ்ப்பாதித் தூண்களை நட்டு, மேற்பாதியை அவற்றின்மேல் ஏற்றினோம்.

முதன்முறையாக வாசல் தன் முழு உயரத்தில் நின்றது. ஒருபுறம் வீட்டுச் சுவர். மறுபுறம் நெருக்கி நிறுத்திய வண்டிகள். சுற்றிப் போக வழியே இல்லை.

கீழ்மாடியில் இருந்த ஹெய்ட்டி நாட்டு அம்மையார் மேசைவிளக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நின்றார். அண்ணாந்து பார்த்தார். விளக்கைக் கீழே வைத்து, தொப்பியை நேராக்கி, மீண்டும் விளக்கை எடுத்துக்கொண்டு, தேவாலயத்துக்குள் நுழைபவர்போல் நடந்து சென்றார். அவருக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டியோடு இருவர். பின்னால் மெத்தை. பின்னால் தொட்டிச்செடியோடு ஒரு கிழவர். தெரு முழுவதும் அதற்குள்ளால் போயிற்று; விட்டுவந்த பொருளை எடுக்க அதற்குள்ளால் திரும்பியும் வந்தது.

"வாங்கோ, வாங்கோ! நிமிந்து போங்கோ!" என்று எல்லா இனத்தாரையும் தோரணத்தார் தமிழிலேயே வரவேற்றார்.

வீட்டுக்காரர் அருகே வந்து, வெறும் இருக்கையைச் சுட்டி இது என்னவென்று பிரெஞ்சில் வினவினார். தோரணத்தாருக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்கள் சிலவே. அவற்றுள் ஐயா என்னும் பொருளுடைய ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இருக்கையை நோக்கிக் கைகாட்டி, "மொசியே" என்றார். வீட்டுக்காரர் இருக்கையை நோக்கித் தம் தொப்பியைத் தூக்கினார்.

தோரணத்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணுக்குள் ரெஜிபோம் போய்விட்டதாம்.

பிற்பகல் மழை பிடித்தது. தேயிலைச் சாயம் தூண்களில் வழிந்து, வாசல் வெளுத்துக்கொண்டு வந்தது. அவருடைய பேருந்துக்கு நேரமாயிற்று. வழக்கம்போல் என் குடைக்குள் இடப்பக்கமாக வந்து நுழைந்தார். வழக்கத்துக்கு மாறாகக் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மெட்ரோ நிலையத்தில் பையை வாங்கிக்கொண்டு, "வாறன் மாஸ்டர்" என்றார்.

"வாசல்?"

"நிக்கட்டும். சனம் போய்வரட்டும்."

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். வாசல் இல்லை. குப்பை வண்டி கொண்டுபோயிருக்கலாம். வேண்டியவர்கள் துண்டு துண்டாக எடுத்துப் போயுமிருக்கலாம். எதிர்வீட்டு மூன்றாம் மாடிப் பல்கனியில், கம்பியைப் பற்றிச் சாய்ந்தபடி, சீலை உடுத்த யட்சி மட்டும் நின்றாள்.

அவர் ரொறன்ரோவில் நலமாக இருக்கிறார். தங்கையின் வாகனத் தரிப்பிடத்தில் இப்போது அமராவதித் தூபி எழும்புகிறதாம். அந்தத் தங்கையாருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். நான் நிம்மதியாக இருக்கிறேன். என் சொதியில் துகள் இல்லை. தேநீர் வைக்கக் குனிய வேண்டியதில்லை. மழை நாள்களில் மெட்ரோவிலிருந்து தனியாகவே நடந்து வருகிறேன். குடை ஒருவருக்குத் தாராளமானது. ஆயினும் என்ன காரணமோ, வீடு வந்து சேரும்போது வலத்தோள் நனைந்தேயிருக்கிறது.