களப்பு நண்டுக்குக் கடவுச்சொல்

"நடுவில 'டி' போட்டீங்களா, 'ரீ' போட்டீங்களா?" என்று விஜிதரன் திரும்பவும் கேட்டான்.

"நண்டு எண்டா நண்டுதானே மனே. அதில என்ன டி, ரீ?" என்றார் சங்கத் தலைவர் வல்லிபுரம்.

கம்ப்யூட்டர் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. கொழும்புக் கணினி கதவைச் சாத்திவிட்டது.

விஷயம் இதுதான். ஆரையம்பதி நண்டுச் சங்கத்தில், மட்டக்களப்புக் கடலேரியில் பிடித்த களப்பு நண்டு பெட்டி பெட்டியாகக் கிடந்தது. எல்லாம் உயிரோடு, கால் கட்டி, ஈரச் சாக்கு மூடி. கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டல் அவ்வளவையும் எடுக்கத் தயார். ஆனால் இனிமேல் போனில் ஓடர் கிடையாதாம். கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசினால்தான் லொறி வருமாம். செத்த நண்டை ஹோட்டல் தொடாது. இன்றைக்கு லொறி வராவிட்டால் அத்தனையும் குழி தோண்டிப் புதைக்கத்தான். சுனாமியில் தோணி போய், சண்டையில் வலையும் போய், போன வருசம் எல்லாம் ஓய்ந்த பிறகு மிச்சம் இருந்த சனம் கூடித் தொடங்கிய சங்கம் அது. முதல் பெரிய விற்பனை இதுதான்.

இரண்டு கணினிகளையும் பேசவைக்கும் புரோகிராமை விஜிதரன் சொந்தமாக எழுதியிருந்தான். 'கனெக்டர்' என்பான். தன்னம்பிக்கையில் அவனைக் குறை சொல்ல முடியாது. சைக்கிள் செயின் கழன்றாலும் "சின்ன வேலை" என்பான்; கல்லடிப் பாலம் இடிந்து விழுந்தாலும் அதையேதான் சொல்வான். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. கேட்பது நாங்கள்தான் என்று கொழும்புக்கு எப்படி நிரூபிப்பது? அதற்குப் பல வழி இருந்தது, ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும்.

"அடையாளம் காட்டுற விசயத்தில நீ எனக்குப் படிப்பிக்கத் தேவையில்ல," என்று வல்லிபுரம் சொல்லியிருந்தார். "எத்தின செக்பொயின்ட்ல இறங்கி ஏறினவன் நான்!"

ஆகவே முதலில் பெயரும் கடவுச்சொல்லும். 'களப்பு நண்டு' என்ற சொல்லைத் தலைவரே தேர்ந்தெடுத்தார். இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்கவேண்டும். விஜிதரன் 'டி' (D) போட்டுப் பதிந்தான். தலைவர் தானும் ஒருதரம் அடித்துப் பார்க்க ஆசைப்பட்டு 'ரீ' (T) போட்டார். சரிவரவில்லை என்று 'பீ'யை (P) இரட்டிப்பாக்கினார். நண்டுப் பொறுப்பாளர் கேதீஸ்வரி எட்டிப் பார்த்து, "கடைசியில ரெண்டு 'ஓ' வரும் தலைவர்," என்றாள். அதையும் போட்டார். அதோடுதான் சிவப்பு வந்தது.

"எனக்கு உங்கட எழுத்தெல்லாம் தெரியாது தம்பி," என்றாள் கேதீஸ்வரி. "நண்டு நுரை தள்ளுது. கெதியாப் பாருங்க."

"சின்ன வேலை அக்கா," என்று விஜிதரன் போனை எடுத்தான்.

மறுமுனையில் ஹோட்டலின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்ரம். ஏறாவூர்க்காரர், கொழும்பில் வேலை.

"என்ன தம்பி, ஆரோ கள்ளன் பூரப் பாக்கிறான் எண்டு எங்கட மெசின் கத்துது!"

"கள்ளன் இல்ல, அக்ரம் நானா. எங்கட தலைவர்தான்."

அக்ரம் சிரித்தார். "சரி, கடவுச்சொல் வேணாம். ஒரு சாவி அனுப்புறன். நீளமா ஒரு எழுத்துக் கோர்வை. அத உங்கட கனெக்டருக்குள்ள வெச்சாச் சரி. ஆருக்கும் காட்டிராதீங்க, என்ன?"

சாவி வந்தது. விஜிதரன் உள்ளே வைத்தான். திரை பச்சையானது.

"பாத்தீங்களா?" என்று தலைமயிரைக் கோதிவிட்டுக்கொண்டு பிளேன்டீ குடிக்கப் போனான். போயிருக்கக்கூடாது. அவன் திரும்பி வரும்போது, அந்தச் சாவி பெரிய எழுத்தில் அச்சாகி, பக்கத்துக் கடையில் லமினேட் பண்ணப்பட்டு, சங்கத்து வாசல் படலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ தலைவர், என்ன வேலை இது?"

"பாஸ் எண்டா வெளியில தெரிய இரிக்கவேணும் மனே. சட்டப்பைக்குள்ள இருந்து எடுக்க முந்தி எத்தின அடி வாங்கினம், மறந்திட்டியா?"

விஜிதரனும் வாங்கியவன்தான். சத்தம் போடாமல் கழற்றி ஒளித்துவிடலாம் என்று நினைத்தான். அதற்கும் வழியில்லை.

"அக்ரம் தம்பிக்கும் போன் எடுத்துச் சொல்லிட்டன்," என்றார் வல்லிபுரம் பெருமையாக. "உங்கட சாவிய ஊரே பாக்கிற மாதிரிக் கொழுவி வெச்சிரிக்கம், பயப்படாதீங்க எண்டு. மனிசன் 'யா அல்லாஹ்' எண்டு போட்டு போனை வெச்சிட்டார். சந்தோசமாக்கும்."

உள்ளே திரை மறுபடி சிவப்பு. அக்ரம் சாவியைச் செல்லாமல் ஆக்கிவிட்டார்.

விஜிதரன் கெஞ்சினான். கடைசியில் அக்ரம் சொன்னார்: "இனிச் சொல்லும் வேணாம், சாவியும் வேணாம். இன்னொரு வழி இரிக்கி. தலைவர் திரையில 'சம்மதம்' எண்டு ஒருக்கா அமத்தினாப் போதும். மறுகா அவர்ர பேரில கனெக்டர் எல்லாத்தையும் பாத்துக்கொள்ளும். அவரக் கையக் கட்டிக்கொண்டு இரிக்கச் சொல்லுங்க."

திரையில் கேள்வி வந்தது. விஜிதரன் தமிழில் வாசித்துச் சொன்னான்: "உங்கட பேரில இது நடக்கிறதுக்கு அனுமதிக்கிறீங்களா?"

வல்லிபுரத்தின் முகம் செத்துவிட்டது.

"என்ட பேரிலயா?"

"ஓம். சும்மா அமத்துங்க."

"என்ட பேரில எங்கயோ வேற ஒரு வல்லிபுரம் என்னமோ செய்ய, ஆமிக் காம்பில விடிய விடிய முழங்கால்ல நிண்டது நான். ஏலாது மனே." சொல்லிவிட்டு 'மறுப்பு' என்பதை அமத்தினார். நல்லா அழுத்தி அமத்தினார்.

விஜிதரன் கதிரையில் தொப்பென்று இருந்தான். 'சின்ன வேலை' என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. கொழும்புக்கு இன்னொரு தரம் போன் எடுக்கும் முகமும் இல்லை.

கேதீஸ்வரிதான் வந்தாள். கையில் ஒரு பெரிய நண்டு. அதைத் தலைவருக்கு முன்னால் மேசையில் வைத்தாள். அதன் கண் மெல்ல அசைந்தது.

"இது உங்கட பேரக் கேக்கல்ல தலைவர், உயிரோட போகத்தான் கேக்குது. எங்கட வீட்டு அடுப்பெல்லாம் இதிலதான் எரியவேணும். அந்தக் கேள்வியத் திரும்பக் கொண்டு வாங்க தம்பி. அமத்துங்க தலைவர்."

"பயமா இரிக்கு புள்ள," என்றார் வல்லிபுரம். அவர் அப்படிச் சொல்லி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

"எனக்கும் பயந்தான். அமத்துங்க."

விஜிதரன் கேள்வியைத் திரும்ப எடுக்க, தலைவர் கண்ணை மூடிக்கொண்டு 'சம்மதம்' என்பதை அமத்தினார். திரை பச்சையானது. ஓடர் விழுந்தது: எல்லாப் பெட்டியும். லொறி மட்டக்களப்பு டவுனில் நிற்கிறது, இப்போதே புறப்படுகிறது என்று கீழே ஒரு வரியும் வந்தது.

தலைவர் விஜிதரனைக் கட்டிப்பிடித்தார். கேதீஸ்வரி கண்ணைத் துடைத்தாள். துடைத்து முடியவில்லை, வாசலில் ஒரு லொறி வந்து நின்றது.

"இவ்வளவு கெதியாவா?"

"கம்ப்யூட்டர் எண்டாச் சும்மாவா அக்கா?"

லொறிக்காரர் இறங்கி வியர்வையைத் துடைத்தார். "ஐயா, கொஞ்சம் தண்ணி…"

"தண்ணியா? இளநி வெட்டுங்க!" என்று வல்லிபுரம் கூவினார். அதற்குள் முதல் பெட்டி லொறிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. லொறிக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தலைவர் இளநீரை அவர் வாயில் வைத்தார். மறுபடி திறந்தார், மறுபடி இளநீர். பிறகு லொறிக்காரர் நண்டுகளைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், தானே பின்கதவை அகலத் திறந்து கூடமாட நின்று தூக்கியும் கொடுத்தார். இப்படி ஒரு நல்ல மனிதரைக் கண்டதில்லை என்று கேதீஸ்வரி சொன்னாள். எல்லோரும் கை காட்ட, லொறி புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

விஜிதரன் மேசையில் ஏறாத குறை. "இனி நம்மட அனுமதி இல்லாம ஆரும் உள்ள வர ஏலாது. இந்தச் சங்கத்தில இருந்து ஒரு நண்டுக்கால் கூட அடையாளம் காட்டாம வெளிய போகாது!"

கைதட்டல் ஓயும் நேரம் வாசலில் ஹோர்ன் அடித்தது. பெரிய வெள்ளை லொறி, பின்னால் குளிர்ப்பெட்டி, பக்கத்தில் ஹோட்டலின் பெயர். சாரதி இறங்கி, செக்பொயின்டுக்கு நடப்பதுபோல ஒரு அட்டையை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார்.

"ஹோட்டல்ல இருந்து வாறன் ஐயா. இந்தாங்க என்ட ஐடென்டிட்டி கார்ட். வடிவாப் பாத்திட்டு நண்டைத் தாங்க. ஆளைத் தெரியாமச் சரக்கைக் குடுக்கப்படாது."