தொடாமலே நின்ற கடிகாரம்

"என்ன ஓய், புலம், விசை ரெண்டும் ஒண்ணுதானே? காந்தம் இழுக்கறது. அவ்வளவுதானே?"

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் சேஷன் மூன்றாவது தடவையாக இதைக் கேட்டபோது சயன்ஸ் வாத்தியார் சுவாமிதாஸுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்துக்கொள்ள முடியுமா? ஆறு வருஷமாகத் தற்காலிக உத்தியோகம். அது நிரந்தரமாவது இந்த மனுஷர் இன்றைக்கு எழுதப்போகும் ஒரு வரியில் இருந்தது.

"இல்லே சார். காந்தத்தைச் சுத்தி, ஒண்ணுமே இல்லாத எடத்திலேயும் அதோட புலம் உண்டு. அதுக்குள்ளே ஒரு இரும்பு வந்தாத்தான் அது மேலே விசை."

"தொடாமலேயா?"

"தொடவே வேண்டாம் சார்!"

சேஷன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, பையன்களின் நோட்டுகளைப் பார்க்கப் பின்பெஞ்சுக்குப் போனார். கோட்டை மணிக்கூண்டில் பதினொன்று அடித்தது. சுவாமிதாஸ் தற்செயலாக மேஜையைப் பார்த்தார். சேஷன் வந்ததும் சங்கிலியோடு கழற்றி வைத்த பாக்கெட் வாட்ச், பெரிய லாடக் காந்தத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அதில் மணி பத்தேகால். காந்தத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த அதே நேரம்!

உள்ளே இருக்கும் எஃகுச் சுருளைக் காந்தம் பிடித்து வாட்சையே நிறுத்திவிட்டதே! சேஷனுக்குத் தெரிந்தால் உத்தியோகம் போச்சு. சட்டென்று வாட்சின் குமிழை இழுத்துத் திருகி முள்ளைப் பதினொன்றில் வைத்தார்.

சேஷன் திரும்பி வந்து வாட்சைப் பார்த்தார். கண் விரிந்தது.

வாட்ச் ஓடுவதுபோல் காட்டியாகிவிட்டது; இனி பாதியில் விட முடியாது. கொஞ்ச நேரம் கழித்து, "சார், இந்த இரும்புத் தூள் படத்தை ஜன்னல் வெளிச்சத்திலே பாருங்கோ" என்று ஒரு மெழுகுத் தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டு மறுபடி திருகினார். அவசரத்தில் முள் பதினொன்றரைக்கு ஓடியது. பின்னால் திருப்பினால் பத்தே முக்காலுக்குப் போய் நின்றது. வியர்வையில் குமிழ் வழுக்கியது. சனியன் பிடித்த காந்தம்! சேஷனின் செருப்புச் சத்தம் நெருங்கும்போது ஒருவழியாகப் பதினொன்றே கால் வந்தது.

சேஷன் வாட்சை உற்றுப் பார்த்தார். பிறகு காந்தத்தை. பிறகு சுவாமிதாஸை.

"நீர் இதைத் தொட்டீரா?"

"இல்லே சார்." பொய் தானாக வந்தது.

"அப்போ காந்தத்தைச் சுத்தி இருக்கறது புலம். இந்த வாட்ச் மேலே பட்டது விசை. சரிதானா ஓய்?"

இத்தனை நேரம் மண்டையில் ஏறாதது இப்போதுதானா ஏற வேண்டும்? அதுவும் தன் சோற்றில் மண் போடவா? சுவாமிதாஸ் தலையை மட்டும் ஆட்டினார். சேஷன் நோட்டில் விறுவிறுவென்று எழுதி, வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆறு வருஷமும் அவரோடு போயிற்று என்று சுவாமிதாஸ் நாற்காலியில் சாய்ந்தார்.

சற்று நேரத்தில் சேஷனோடு வந்திருந்த பியூன் பிச்சையா மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"சாரே, உமக்கு வேலை பெர்மனெண்டாக்கும்! ஐயா கௌரவத்துக்குச் சங்கிலியிலே மாட்டிக்கிட்டு நடந்த வாட்ச், நாலு வருஷமா ஓடாதது, உம்ம காந்தம் ஓட வச்சுட்டுதாமே. வீட்டுச் சுவர்க் கடியாரமும் நின்னுதான் கிடக்கு, நாளைக்குக் காலம்பற காந்தத்தையும் எடுத்துக்கிட்டு வலியசாலையிலே அவரு வீட்டுக்கு வரச் சொன்னாரு."