காய்ச்சல் விட்ட பிறகு

"உங்கக்கா என்னடா சொன்னா?"

"தண்ணி நிறையக் குடிக்கச் சொன்னா, மாமா."

"அவ்வளவுதானா? பார்க்க வர்றேன்னு சொல்லலையா?"

மச்சினன் பேச்சை மாற்ற, தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான்.

டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்கு மனசு விட்டுப்போனது. எல்லாம் ஒரு தண்ணீர் டிரம்மால் வந்த வினை. "மூடி வைங்க, கொசு முட்டை போடும்" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஊரையே அதட்டி வண்டி ஓட்டவைப்பவருக்கு வீட்டில் ஒருத்தி உத்தரவு போட்டால் ரோஷம் வராதா? "உன் வேலையைப் பாரு" என்றார். அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது அவள் ஒரு தரம் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் போதும் என்று ஏங்கிக் கிடந்தார். வந்து நாலு திட்டு திட்டினாலும் சரிதான். ஆனால் பாழாய்ப்போன காய்ச்சல் காலையிலேயே விட்டுவிட்டது. இனி அவள் எதற்கு வரப்போகிறாள்?

"வயிறு தாங்கமுடியாம வலிக்குதுன்னு போய்ச் சொல்லுடா!"

சத்தமாகச் சொன்னதுதான் தப்பு. நர்ஸ் ஓடிவந்தார்.

"வயித்துவலியா? காய்ச்சல் விட்டப்புறம்தான் சார் டெங்கு வேலையைக் காட்டும். லேசா விடக்கூடாது."

ரத்தம் எடுத்தார்கள். சலைன் ஏற்றினார்கள்.

"சிஸ்டர், சும்மா சொன்னேன். வலியே இல்ல!"

"ஊசியைப் பார்த்ததும் எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

தெம்பாக இருப்பதை நிரூபிக்க எழுந்து நடந்து காட்டினார். தலை சுற்றி, எதிரே வந்த டாக்டர் மேலேயே சாய்ந்தார். அவ்வளவுதான், கட்டிலோடு தனி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பார்க்க யாரும் வரக்கூடாதாம்.

இனி அவளே மனசு மாறி வந்தாலும் வாசலோடு திரும்பவேண்டியதுதான். வாத்தியார் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

தரை துடைக்க வந்த அம்மாள் நிமிர்ந்தாள். "என்ன சார், வலிக்குதா?"

"என் சம்சாரத்தைப் பார்க்கணும்மா."

"டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் நீங்கதானா? மாடியில பொம்பளைங்க வார்டுல ஒரு அம்மா, அவங்களுக்கும் டெங்குதான், இன்னிக்கு வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. 'கீழ இருக்கிற டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், எங்க வீட்டுக்காரர், அவரையும் அனுப்பிட்டாங்களா'ன்னு கேட்டாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு தம்பிக்கு உத்தரவாம். இன்னும் அனுப்பலைன்னேன். உடனே வயித்தைப் பிடிச்சிக்கிட்டு, 'எனக்கும் தாங்கமுடியாம வலிக்குது'ன்னு திரும்பப் படுத்துட்டாங்க!"