ஓடைக்கு நடுவில் ஆறடி

கலெக்டர் ஆபீசிலிருந்து வந்த போனைக் கீழே வைத்தபோது ஓவர்சீர் பெருமாளுக்கு முதலில் வந்தது பெருமிதம். கலக்கம் வந்தது அப்புறம்தான்.

பெருமிதத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு குடம் தண்ணீருக்குக்கூட முறைத்துக்கொள்ளும் இரண்டு மாநிலங்கள், ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு ஓடையின் குறுக்கே ஆளுக்கு ஒரு பங்கு பணம் போட்டு, மூன்றாவது பங்கை வெளிநாட்டு வங்கி ஒன்று போட, கூட்டாகப் பாலம் கட்டியிருந்தன. இமயமலைப் பக்கம் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நாடுகள் இதைக் கேள்விப்பட்டு ஆளுக்கு ஒரு பெரிய அதிகாரியை அனுப்புகின்றன. எல்லை தாண்டிக் கூட்டாக ஒரு பாலத்தை நடத்துவது எப்படி என்று நேரில் பார்க்க வேண்டுமாம். உலகத்தில் எத்தனையோ பாலங்கள் இருக்க, பெருமாள் கட்டிய பாலத்தைப் பார்க்க ஆகாயத்தில் பறந்து வருகிறார்கள்! நினைத்தாலே அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

கலக்கத்துக்கும் காரணம் இருந்தது. அந்தப் பாலத்தின் நடுவில் ஆறடிக்குப் பாலமே இல்லை.

ஒப்பந்தம் என்னவோ சுத்தமானதுதான். தண்ணீரின் நடு எதுவோ அதுவரை ஒவ்வொரு மாநிலமும் தன் கரையிலிருந்து கட்ட வேண்டும். பெருமாள் கோடையில் அளந்தார். அப்போது ஓடை தமிழ்நாட்டுக் கரையை ஒட்டி இளைத்து ஓடிக்கொண்டிருந்தது. அக்கரை ஓவர்சீர் சென்னப்பன் மழைக்காலத்தில் அளந்தார். அப்போது அது கர்நாடகத்து வயல்களில் ஏறிப் படுத்திருந்தது. ஆளுக்கு ஒரு நடு கிடைத்தது. இருவரும் அவரவர் நடுவரை ஒழுங்காகக் கட்டி, வேலை முடிந்தது என்று கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். மிச்சம் ஆறடி யாருடைய கணக்கிலும் வராததால், அதில் ஒரு சட்டி சிமெண்ட் கொட்டக்கூட யாருக்கும் அதிகாரம் இல்லை.

வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டால் கலெக்டர் முதலில் கேட்கப்போவது, யார் கையெழுத்து என்றுதான். பெருமாளுக்கு வேலை போய்விடும். பெரிய மகளுக்கு நிச்சயம் செய்திருக்கும் நேரத்தில் வேலை போனால் சம்பந்தியும் போய்விடுவார். பெருமாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்.

பாலத்துக்கு நடுவில் சென்னப்பன் ஏற்கெனவே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார், கர்நாடகப் பக்கத்தில்.

"உங்களுக்கும் போன் வந்துச்சா?"

"வந்துச்சு சார். எங்க கலெக்டர் டி.சி. சாஹேப்ரு நாளைக்கு தலையில மைசூர் பேட்டா கட்டிக்கிட்டு வர்றாராம்."

இருவருக்கும் நடுவில் ஆறடிப் பள்ளம். அதன்மேல் இரண்டு பலகைகள் கிடந்தன. ஒன்று இக்கரை ஊர் போட்டது, மற்றது அக்கரை ஊர் போட்டது. அக்கரைப் பெண்கள் ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்கு வருவதும், இக்கரை மாடுகள் அக்கரைச் சந்தைக்குப் போவதும் இதில்தான். ஒரு பலகை இற்றுப்போனால் அந்தந்த ஊர் மாற்றிவிடும். யாரும் யாரையும் கேட்டதில்லை. பலகைகளில் சாணியும் சேறும் அப்பியிருந்தன.

"முதல்ல இந்த அசிங்கத்தை எடுக்கணும்" என்றார் பெருமாள்.

"ஹௌது சார். பாத்தா மானம் போயிடும்."

பலகைகளை எடுத்து, நாளைய விருந்துக்கு அடுப்பெரிக்க அனுப்பினார்கள். பள்ளத்தின்மேல் மூங்கில் தட்டியைப் பரப்பி, மண் கொட்டி மட்டமாக்கி, மேலே கல்யாண மண்டபத்துச் சிவப்புக் கம்பளத்தை விரித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பாலம் ராஜா வீட்டுப் பாதை மாதிரி இருந்தது.

"நடந்து பாருங்க சென்னப்பன்."

"நீங்கதான் சார் சீனியர்."

இருவரும் நடக்கவில்லை. யாரும் அங்கே கால் வைக்காமல் இருக்க வழி யோசித்தார்கள். பள்ளத்தின் இரு ஓரத்திலும் குலையோடு வாழைமரம் கட்டி, குறுக்கே ரிப்பனும் கட்டிவிட்டால், வந்தவர்கள் இந்தப் பக்கமே நின்று ரிப்பனை வெட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள் என்று சென்னப்பன் சொன்னார். பெருமாளுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நடுவில் பள்ளம் இருந்ததால் கும்பிடு போட்டதோடு விட்டுவிட்டார்.

மறுநாள் மதியம் நாதஸ்வரம் இந்தக் கரையில் நின்றது, தமட்டை மேளம் அந்தக் கரையில் நின்றது. கலெக்டர்கள் வந்து, விருந்தாளிகளை வரவேற்கச் சாலையோரம் நின்றிருந்தார்கள். தூரத்தில் விருந்தாளிகளின் கார்கள் கிளப்பிய புழுதி தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, காய்கறிக் கூடை தூக்கும் கெம்பம்மாவின் வெள்ளாடு வாழை இலையை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. கம்பளத்தின்மேல் கம்பீரமாக நாலடி நடந்தது. ஐந்தாவது அடியில் ஆட்டைக் காணோம். கம்பளத்தையும் காணோம்.

கீழே முழங்கால் தண்ணீரில் சிவப்புக் கம்பளத்தைப் போர்த்திக்கொண்டு ஆடு கத்தியது.

"ஐயோ, என் ஆடு! யாருங்க பலகையை எடுத்தது?" என்று கெம்பம்மா ஓடிவந்தாள்.

"கத்தாதம்மா! கலெக்டர் இருக்காரு!" என்றார் பெருமாள்.

"இருக்கட்டுங்க. அவரு ஆடா விழுந்துச்சு?"

பெருமாள் விருந்துப் பந்தலுக்கு ஓடினார். பலகைகள் அங்கே சாம்பார் அண்டாவின் அடியில் தணலாகக் கிடந்தன. திரும்பி ஓடிவருவதற்குள் கார்கள் நின்றுவிட்டன. இரண்டு நாட்டு அதிகாரிகளும் தனித்தனிக் காரில் வந்திருந்தார்கள். ஒருவர் உயரம், ஒருவர் குட்டை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே இறங்கினார்கள். கூட வந்த மெட்ராஸ் மொழிபெயர்ப்பாளர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோயிருந்தார்.

"இளநீர்! முதல்ல இளநீர் குடுங்க!" என்று பெருமாள் வழியை மறித்தார். குடித்தார்கள். மாலை போட்டார். மாலையைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். நேராக ரிப்பனுக்குப் போனார்கள். உயரமானவர் வெட்டினார். வாழை இலைகளை விலக்கினார். பள்ளத்தைப் பார்த்தார். பள்ளத்திலிருந்து ஆடு அவரைப் பார்த்தது.

கலெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"பெருமாள், இது என்ன?"

"இதுதாங்க ஐயா நடு" என்றார் பெருமாள். மகளின் கல்யாணம் கண்ணெதிரே கம்பளத்தோடு மிதந்து போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் அக்கரையில் சத்தம் கேட்டது. மதிய ஷிப்டுக்குப் போகிற பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு கூட்டமாக வந்துவிட்டார்கள். இக்கரையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"பலகை எல்லி ஹோய்த்து?" என்று அங்கிருந்து ஒருத்தி கூவினாள்.

"எடுத்துட்டாங்க சம்பங்கி! கொஞ்சம் இரு!" என்று கெம்பம்மா பதிலுக்குக் கூவினாள்.

அவ்வளவுதான் பேச்சு. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. இக்கரையிலிருந்து நாலு பேர் யார் வீட்டுக் கதவையோ கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அக்கரையிலிருந்து மாட்டுவண்டியின் பக்கப்பலகை வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இந்த முனையில் இரண்டு பேரும் அந்த முனையில் இரண்டு பேரும் ஏறி மிதித்துக்கொண்டார்கள். இக்கரைக் கை ஒன்று நீண்டது, அக்கரைக் கை ஒன்று அதைப் பிடித்தது. பெண்கள் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். தாண்டியவள் நின்று, பின்னால் வருகிறவளுக்குக் கை கொடுத்தாள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாயில் வந்துகொண்டிருந்தன. ஒருவன் கீழே இறங்கி ஆட்டையும் தூக்கிக் கொடுத்தான்.

நாதஸ்வரக்காரர் வாசிக்க மறந்து நின்றார். பெருமாளும் மறந்துதான் நின்றார். இத்தனை வருடம் தினமும் பார்த்ததுதான். ஆனாலும் இன்றைக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை. வேலை போகப்போகிறது என்பதுகூட அந்த ஒரு நிமிடம் நினைவில் இல்லை.

பஸ் கிளம்பியது. பலகையைத் தாண்டி அக்கரைக்குப் போன கெம்பம்மா திரும்பிப் பார்த்தாள். உயரமான அதிகாரி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சாமி, பயப்படாதீங்க. கெட்டியாத்தான் இருக்கு" என்று கையை நீட்டினாள்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினார். தாண்டியவர் மற்றவர்கள் செய்ததைப் போலவே நின்று, பின்னால் திரும்பி, குட்டை அதிகாரியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கையை நீட்டினார். குட்டையானவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தக் கையைப் பிடித்தார்.

இருவரும் அக்கரையில் நின்று ஏதோ படபடவென்று பேசினார்கள். கலெக்டருக்கு முகம் வெளுத்தது. பெருமாள் பலகையைத் தாண்டி ஓடி, அவர்களுக்குப் பின்னாலேயே தாண்டியிருந்த மொழிபெயர்ப்பாளர் முன் கைகூப்பி நின்றார்.

"சார், அவங்ககிட்ட சொல்லுங்க சார். ஒரே மாசத்துல அடைச்சுடறோம். இதைப் பார்த்துட்டு அவங்க ஊர்ல பாலம் கட்டாம விட்டுடப் போறாங்க. எங்க தப்புக்கு அவங்க பாலம் நின்னு போயிடக் கூடாது."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னார். குட்டை அதிகாரி தலையை ஆட்டி ஆட்டி நீளமாகப் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் உடனே தமிழில் சொல்லாமல், அவரிடம் இன்னொரு தரம் கேட்டுக்கொண்டு, பிறகு பெருமாள் பக்கம் திரும்பினார்.

"அவங்க ரெண்டு நாட்டுப் பாலம் கட்டி முடிச்சு ஒன்பது வருஷமாச்சாம் ஓவர்சீரே. நடுவுல ஊசி நுழையக்கூட இடம் கிடையாதாம். ஆனா இன்னிவரைக்கும் ஒரு ஆள்கூட அதுல நடந்ததில்லையாம்."