முதலிடம் பிடித்த காடு

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது என்றதும் பாம்பு எங்கே என்று தேடாதீர்கள். பாம்பு இல்லை. அதுதான் பிரச்சினையே. பாம்பு பிடிப்பதில் பட்டம் வாங்கிய குணாளன் என்ற அந்த இளம் கீரி, வீடு வீடாக எலிப் பொட்டலம் டெலிவரி செய்துகொண்டிருந்தான். படுக்கை, வளையின் நடைவழியில். பெரியப்பாவின் கால் அவன் மூஞ்சியில். எப்படியாவது பனிக்காட்டுக்குத் தப்பித்துவிட வேண்டுமென்று விசாவுக்கு எழுதிப்போட்டுவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

அப்போது நாரை ஒன்று வந்து இறங்கியது. எந்தக் காட்டில் இளசுகள் நன்றாக வாழ்கிறார்கள் என்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது அதன் உத்தியோகம். கேள்வி குணாளனுக்கு. பதில் சொன்னது, காபித் தம்ளரோடு நடுவில் வந்து உட்கார்ந்த அம்மா.

"தம்பிக்குத் தனி அறை இருக்கா?"

"இந்த வளையே அவனுக்குத்தானே!"

"மனக்கவலை ஏதாவது?"

"அவனுக்கென்னங்க கவலை? வேளாவேளைக்குக் கொட்டிக்கிறான்."

"துணையை அவரே தேர்ந்தெடுக்கலாமா?"

"எல்லாம் அவன் இஷ்டம்தான். எங்க அண்ணன் பொண்ணு. தை மாசம் கல்யாணம்."

குணாளனுக்கே அது புதுச் செய்தி. பதறிப்போய் வாயைத் திறந்தான். வந்தவர் முன்னால் மானத்தை வாங்காதே என்று அம்மா முறைத்தாள்.

"நல்லா இருக்கேங்க" என்றான்.

காடு முழுக்க எல்லா வீட்டிலும் இதே கூத்துதான். முடிவு வந்தது. இளசுகளின் சந்தோஷத்தில் நம் காடு முதலிடம். வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். பனிக்காடு கடைசி. அங்கே இளசுகள் தனித்தனி அறையில் உட்கார்ந்து, குளிர், தனிமை, சூப் ஆறிப்போனது வரை ஒன்றுவிடாமல் புலம்பியிருந்தார்கள்.

குணாளன் பனிக்காட்டு எல்லைக்கு ஓடினான். அங்கே கரடி அதிகாரி மேலும் கீழும் பார்த்தார்.

"முதலிடத்தை விட்டுட்டு யாராவது கடைசி இடத்துக்கு வருவாங்களா? இதுல ஏதோ உள்நோக்கம் இருக்கு."

விசா இல்லை. அழுதுகொண்டே வீடு திரும்பினான். நடைவழியில் அவன் இடத்தில் ஒரு வெள்ளை நரி சுருண்டு கிடந்தது. பெரியப்பாவின் கால் இப்போது அதன் மூஞ்சியில்.

"பனிக்காட்டுப் பிள்ளைடா. இங்கதான் சந்தோஷம்னு கேள்விப்பட்டு வந்திருக்கு, பாவம். நீ வெளிய படுத்துக்கோ" என்றாள் அம்மா.

நரி கண்ணைத் திறந்தது. "அண்ணே, அந்தத் தனி அறை எங்க இருக்கு?"

குணாளன் வாயைத் திறந்தான். அம்மா முறைத்தாள்.

நீதி: விசாவுக்கு எழுதிப்போட்டிருப்பவர்கள், கணக்கெடுக்க ஆள் வரும் நேரம் பார்த்து அம்மாவைக் கடைக்கு அனுப்பிவிட வேண்டும்.