வளைவுக்கு ஒரு பாரம்

கார்த்திகை பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். வெந்நீர் வைத்தேன். என் மனைவி சரசுவின் ஆஸ்பத்திரிப் பையில் போர்வை, மாத்திரை டப்பா, இட்லிப் பொட்டலம், துவைத்த துண்டு ஆகியவற்றை வழக்கமான வரிசையில் அடுக்கினேன். ஆறே காலுக்கு முதல் பஸ் வாசலில் நின்றது. கண்டக்டர் முன்சீட்டில் போட்டு வைத்திருந்த தன் துண்டை எடுத்து உதறி, “வாங்க அம்மிணி, சிம்மாசனம் ரெடி” என்றார்.

பஸ் நிறைய ஆட்களை மயக்கிவிட்டு, ஏறியபோது இருந்ததைவிடத் தெளிவாக இறக்கிவிடும் ஒரே மனிதர் இந்தக் கண்டக்டர்தான். மலையில் அவருக்கு ‘எழுபது’ என்று பெயர். சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்குத் தெரிந்திருக்கலாம்.

கொல்லிமலைச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் ஒன்றாம் எண் பலகை. எழுபதாம் எண் பலகை மலை உச்சியில், எங்கள் வாசலுக்கு எதிரே. இடையில் பயணிகள் வாந்தி எடுப்பார்கள், கண்டக்டர் பஸ்ஸைக் கழுவுவார். கழுவிக் கழுவி அலுத்துப்போய், சேலத்தில் ஹிப்னாடிச வகுப்பு ஒன்றில் சேர்ந்தார் எழுபது. திரும்பி வந்ததும், “வாந்தி வயித்துல இல்லீங்க, நெனப்புல இருக்குது. நெனப்ப மாத்துனா பஸ் கழுவுற வேலையே இல்லீங்க” என்று அறிவித்தார்.

முறை எளிது. இறங்கும்போது எழுபதிலிருந்து ஒன்றுவரை, வளைவுக்கு ஓர் எண்ணாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டே சொல்வார். எண் குறையக் குறைய மனம் அடங்கும். ஏறும்போது ஒன்றிலிருந்து எழுபதுவரை குரலை உயர்த்திச் சொல்வார். எழுபது என்றதும் எல்லோரும் விழித்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாளே பஸ் முழுக்கத் தூங்கிவிட்டது. அடிவாரத்தில் இறங்க வேண்டியவர்களை அதைத் தாண்டிச் சேந்தமங்கலத்தில்தான் எழுப்ப முடிந்தது. ஒருவர் கூடையில் கொண்டுவந்த சேவல் அங்கும் எழவில்லை. டிரைவர் பயந்துபோய் மறுநாள் முதல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். அதனால் விசிலும் கேட்காமல், பஸ்ஸை நிறுத்த எழுபது ஒவ்வொரு முறையும் முன்னால் ஓடிப்போய் அவர் தோளைத் தட்ட வேண்டியதாயிற்று.

ஒருமுறை ஏறும் வழியில் முப்பத்தொன்றாவது வளைவில் மண் சரிந்தது. பயணிகள் இறங்கி நடந்து, அந்தப் பக்கம் வந்த வேறு பஸ்ஸில் ஊர் சேர்ந்தார்கள். எண்ணிக்கை பாதியில் நின்றுவிட்டது. மறுநாள் குச்சிக்கிழங்கு விற்கும் ஒருவர் மலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் எழுபதை மறித்தார்.

“ஏனுங்க, என்னைய முப்பத்தொண்ணுலயே உட்டுட்டீங்க. இன்னும் முழுசா முழிப்பு வரலீங்க. ஊட்டுல மனுசி பேசுறது காதுல உழுவுது, மண்டையில ஏற மாட்டேங்குது.”

“அது உனக்குக் கல்யாணமான நாள்ல இருந்தே அப்படித்தானே மாமா!” என்றார் டீக்கடையில் நின்ற ஒருவர்.

எழுபது சிரிக்கவில்லை. கிழங்குக்காரரை பெஞ்சில் உட்காரவைத்து, முப்பத்திரண்டிலிருந்து எழுபதுவரை நிறுத்தி நிதானமாக எண்ணினார். முடிப்பதற்குள் முந்தின நாள் பயணிகள் இன்னும் சிலர் வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள்.

நானும் சிரித்தவன்தான், சரசுவுக்குச் சிறுநீரகம் கெடும்வரை. வாரம் இரண்டு முறை நாமக்கல் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். தவறினால் உயிருக்கு ஆபத்து. மூன்றாவது வாரம் அவள் படியிறங்கவே மறுத்துவிட்டாள். “இந்த வளைவுல குடலு வெளிய வர்றதுக்கு, ஊட்டுலயே செத்துப்போறேனுங்க” என்றாள். நான் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. எழுபது இறங்கி வந்தார்.

“அம்மிணி, இன்னைக்கு ஒரு நாளைக்கு வாங்க.”

“என்னைய தூங்கவெக்க முடியாதுங்க. சொல்லிப்போட்டேன்.”

“தூங்க வேண்டாமுங்க. வளைவுக்கு ஒரு பாரத்த மனசுல இருந்து எறக்கி வெச்சுட்டு வாங்க, போதும். எழுபதுல மொதல்ல ஊட்டுக்காரர எறக்கி வெச்சுருங்க.”

“என்னையா?” என்றேன்.

“நீங்கதான் பெரிய பாரமுங்க. அறுபத்தொம்பதுல அடுப்பு. அறுபத்தெட்டுல ஆட்டுக்குட்டி. எல்லாம் அங்கங்கயே இருக்கும், ஆரும் தூக்கிட்டுப் போவ மாட்டாங்க. திரும்பி ஏறுறப்ப ஒவ்வொண்ணா எடுத்துக்கலாம்.”

சரசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே ஏறினாள். அடிவாரம் வந்தபோது இறக்கி வைக்க அவளிடம் ஒன்றும் மீதியில்லை, வாந்தியும் இல்லை. மாலை திரும்பி ஏறும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டே வந்தாள். கடைசி வளைவில் எழுபது, “ஊட்டுக்காரர எடுத்துக்கங்க” என்றார்.

“இன்னும் ஒரு வாரம் அங்கயே கெடக்கட்டுமுங்க. காத்தாட இருப்பாரு” என்றாள் சரசு. பஸ்ஸே சிரித்தது.

இப்படியே இரண்டு வருடம் இறங்கி ஏறினோம். நோய் குணமாகவில்லை. ஆனால் போகிற வழியில் அவள் முகத்தில் பயம் இருந்ததை அதன்பின் நான் பார்க்கவில்லை.

அந்த வியாழக்கிழமையும் எழுபதாவது வளைவில் என்னை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் நான் இருக்கும்போதே, கண்ணை மூடிக்கொண்டாள். மதியத்துக்கு முன்பு டாக்டர் வெளியே வந்து, மெஷினில் இருந்தபோதே இதயம் நின்றுவிட்டது என்றார்.

வேன் ஏற்பாடு செய்து புறப்படும்போது எழுபது ஓடி வந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. டிக்கெட் மெஷினை வேறொரு கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். தன் துண்டை மடித்துச் சரசுவின் தலைக்கு அணையாகக் கொடுத்து, காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

முதல் வளைவில் வேன் திரும்பியதும், “ஒண்ணு” என்றார்.

ஏறும்போது எப்போதும் உயரும் குரல், இறங்கும்போதுபோலத் தாழ்ந்தே இருந்தது. எண்ணை மட்டும் சொன்னார். எதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அறுபத்தெட்டில் ஆட்டுக்குட்டியைச் சொல்லவில்லை. அறுபத்தொன்பதில் அடுப்பைச் சொல்லவில்லை. எதிரே எங்கள் வீட்டு ஓடு தெரிந்தது. கடைசி வளைவில் வேன் திரும்பியது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

நான் அவரைப் பார்த்தேன்.

“எண்ணி முடிச்சா எந்திரிக்கணுமுங்க சாமி” என்றார். “அம்மிணி தூங்கட்டும்.”

வெளிச்சம் இருக்கும்போதே அடக்கம் முடிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எழுந்ததும் வேறு எந்த வேலையையும் தொடாமல் வாசலில் போய் நின்றேன். முதல் பஸ் வந்தது. தினமும் சரியாக அந்தப் பலகையருகே ‘எழுபது’ என்று ஒரு குரல் கேட்கும். அதைக் கேட்டுத்தான் எங்கள் தெருவே கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். அன்று பஸ் சத்தமில்லாமல் அந்த வளைவைக் கடந்தது. படியில் நின்றிருந்தவர் என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார்.

சற்று நேரம் கழித்து, கீழேயிருந்து அவர் குரல் கேட்டது.

“அறுபத்தொம்பது.”